அளவு சட்டையை வீட்டிலேயே வையுங்கள்



ஆண்கள் தையற்கடைக்குப் போகும் விதம் நம் ஊரில் பெரும்பாலும் ஒன்றுதான். யாரோ கல்யாணத்தில் வைத்துக் கொடுத்த பேண்ட்-சட்டைத் துணி அட்டைப்பெட்டியோடு பீரோவில் கிடக்கும். தீபாவளி நெருங்கும்போது வீட்டில் நினைவுபடுத்துவார்கள். அந்தப் பெட்டியையும் பழைய சட்டை ஒன்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய், “மாஸ்டர், இதே அளவு. கொஞ்சம் லூஸா வச்சுடுங்க. என்னைக்குக் கிடைக்கும்?” என்று கேட்டுவிட்டு வந்துவிடுவோம். வீட்டுப் பெண்கள் ஒரு ரவிக்கைக்காகக் கழுத்து எவ்வளவு இறக்கம், கைக்குப் பைப்பிங் வேண்டுமா, முதுகில் கயிறா ஹூக்கா என்று அரை மணி நேரம் பேசுவதைக் கிண்டல் செய்கிறவர்களும் நாம்தான். என்னைக் கேட்டால் அவர்கள் செய்வதுதான் சரி. ஆண்கள் தையற்காரரிடம் என்ன பேச வேண்டும் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

பையில் போட்டுக்கொண்டு போகிறோமே, அந்தப் பழைய சட்டைக்கு ‘அளவு சட்டை’ என்று பெயர். அதை முதலில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். துவைத்துத் துவைத்துச் சுருங்கிப் போனது அது. உடம்பு கொஞ்சம் ஒடிசலாக இருந்த காலத்தில் தைத்தது. அதைத் தைத்தவர் செய்த தவறுகளும் அதில் அப்படியே இருக்கின்றன. புதுச்சட்டை அத்தனையையும் நகல் எடுக்கும். ஆயத்த ஆடைக் கடைக்காரர் 38, 40, 42 என்று நாலைந்து அளவுக்குள் ஊரையே அடக்கிவிடுகிறார். தைத்துப் போடுவதில் இருக்கிற பெரிய லாபமே, துணியை உங்கள் ஒருவர் உடம்புக்கென்று வெட்டுகிறார்கள் என்பதுதான். பலருக்கு ஒரு தோள் மற்றத் தோளைவிடச் சற்று இறங்கியிருக்கும். கணினி முன்னால் குனிந்தே உட்கார்ந்து முதுகு லேசாக வளைந்திருக்கும். வளைந்த முதுகுக்குச் சட்டையின் பின்பக்கம் நீளம் கூட வேண்டும், முன்பக்கம் குறைய வேண்டும். தேர்ந்த கட்டிங் மாஸ்டர் நீங்கள் கடைக்குள் நடந்து வரும்போதே இதையெல்லாம் பார்த்துவிடுவார். மேசைமேல் விரித்துப்போட்ட சட்டையில் அவரால் என்ன பார்க்க முடியும்?

ஆகவே உடம்பில் அளவு எடுக்கச் சொல்லுங்கள். செல்போன், மணிபர்ஸ், சாவிக்கொத்து எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வையுங்கள். எப்போதும் நிற்பதுபோல் நில்லுங்கள். டேப்பைப் பார்த்ததும் வயிற்றை எக்கிக்கொள்ளாத ஆண் அபூர்வம். எக்கிய வயிற்றுக்குத் தைத்த சட்டையின் பட்டன்கள், சாப்பிட்டு எழுந்ததும் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது அந்த ‘லூஸ்’. நம் வெயிலுக்குச் சட்டை கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் தளர்வு எங்கே என்று சொல்லாமல் பொதுவாக லூஸ் என்றால், மாஸ்டர் எல்லா இடத்திலும் அரை அங்குலம் கூட்டிவிடுவார். தோளும் சேர்ந்து அகன்றுவிடும். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். அதைத் தாண்டிக் கைமேல் தொங்கினால், எவ்வளவு விலை கொடுத்த துணியானாலும் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோலத்தான் இருக்கும். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், நீளத்தை வெட்டலாம். தோளைப் பிறகு சரிசெய்வது சட்டையையே பிரித்து மறுபடி தைப்பதற்குச் சமம்.

கையும் உடலும் சேருகிற வளைவை ஆர்ம்ஹோல் என்பார்கள். அது பெரிதாக, அக்குளுக்குக் கீழே இறங்கியிருந்தால் கை வசதியாக அசையும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. வளைவு தாழ இறங்கியிருந்தால், கையைத் தூக்கும்போது சட்டையின் பக்கவாட்டுத் துணி முழுவதும் கூடவே எழும்பும், பேண்டுக்குள் விட்ட சட்டை வெளியே வந்துவிடும். வளைவு அக்குளை ஒட்டி மேலே இருந்தால் கை மட்டும் அசையும், சட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்று பயணம் செய்கிறவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். பைக் ஓட்டுகிறவர்கள் ட்ரையல் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நின்றால் போதாது. ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் முன்னே நீட்டுங்கள். முதுகில் துணி இழுத்தால் அங்கே அகலம் போதவில்லை என்று அப்போதே சொல்லிவிடுங்கள். வாங்கி வந்து, போட்டு, துவைத்த பிறகு போய்ச் சொன்னால் அவரும்தான் என்ன செய்வார்?

சட்டையை எப்படிப் போடப்போகிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பேண்டுக்குள் விடுகிற சட்டைக்கு நீளம் அதிகம் வேண்டும், அடிப்பகுதி வளைந்திருக்க வேண்டும். வெளியே விடுகிற சட்டை இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே, பின்பக்கத்தின் பாதியோடு நின்றுவிடலாம், அடி நேராக இருக்கலாம். வேட்டிமேல் போடும் வெள்ளைச் சட்டைக்கு இன்னும் கொஞ்சம் நீளம் அழகு. அரைக்கைச் சட்டையில் கை முழங்கைக்குச் சற்று மேலே முடிந்தால் போதும். அந்தக் கையின் வாய் அகலத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். அரைக்கைச் சட்டைகள் பல, மார்பில் சரியாகப் பொருந்தியும் கை வாய் விரிந்து கிடப்பதால்தான் கெட்டுப்போகின்றன.

இனி துணி. வேட்டி வாங்கிப் பழகியவர்களுக்கு நூல் நம்பர் தெரியும். 40, 60, 80, 100 என்று எண் ஏற ஏற நூல் மெல்லியதாகும். 840 கஜ நீளச் சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதே அந்தக் கணக்கு. சட்டைத் துணிக்கும் அதே கணக்குத்தான். மெல்லிய நூல் வழவழப்பாக இருக்கும், விலையும் கூடும், ஆனால் நீடித்து உழைக்கும் என்று சொல்ல முடியாது. தினம் அலுவலகம் போய்வர 40, 60 நம்பர் பருத்தியே நன்றாகத் தாங்கும். 100க்கு மேல் போகிறவர்கள் இரட்டை இழையா என்று கேட்டு வாங்குவது நல்லது. கோட் துணியின் கரையில் ‘சூப்பர் 100’, ‘சூப்பர் 120’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லும் எண். 100 என்றால் இழையின் சராசரிப் பருமன் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது, 120 என்றால் 17.75. பாலியஸ்டர் கலவைத் துணியின் கரையில் இந்த எண்ணைப் பார்த்தால் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்குமுன் ஒரு முறை நனைத்து நிழலில் உலர்த்திக் கொடுங்கள். சுருங்காத வகையில் துணியைப் பக்குவம் செய்யும் சான்ஃபோரைஸ் முறையை அமெரிக்கர் சான்ஃபோர்ட் கிளூயட் உருவாக்கிப் பல காலமாகிவிட்டது. ஆனால் உள்ளூரில் வாங்கும் கைத்தறிக்கெல்லாம் அது நடந்திருக்கும் என்று நம்ப முடியாது. சாயம் போகுமா என்பதும் அந்த நனைப்பிலேயே தெரிந்துவிடும். இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். சென்னையின் பெயரைத் தாங்கி ‘மெட்ராஸ்’ என்று அமெரிக்காவுக்குப் போன கட்டம் போட்ட பருத்தித் துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் போயிற்று. அந்தக் குறையையே பெருமையாக்கி, ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும் துணி என்று விளம்பரம் செய்து 1960களில் அங்கே விற்றுவிட்டார்கள். உங்கள் வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊறவைத்தால் அந்தப் பெருமை செல்லாது.

பெட்டியில் வரும் சட்டைத் துணி பெரும்பாலும் 1.60 மீட்டர்தான். பருமனானவர்களுக்கு முழுக்கை வைக்க அது இழுபறி. கட்டம் போட்ட துணியென்றால் கால் மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். பையின் கட்டமும் அதன் கீழுள்ள சட்டையின் கட்டமும் கோடு பிசகாமல் சேர வேண்டும், முன்பட்டியில் இரு பக்கமும் சேர வேண்டும். அப்படிச் சேர்க்கத் துணி வீணாகும், நேரமும் பிடிக்கும். ஒரு கடையின் வேலை எப்படி என்று அறிய, அங்கே தொங்கும் கட்டச் சட்டைகளின் பைகளைப் பார்த்தாலே போதும். பிறகு சட்டையைப் புரட்டி உள்பக்கத்தைப் பாருங்கள். தையல் நெருக்கமாக இருக்கிறதா? அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் என்பது சாதாரண வேலை, பதினெட்டு இருபது என்பது பொறுமையான வேலை. காஜாவில் நூல் பிரிந்து தொங்கக்கூடாது. காலருக்குள் வைக்கும் பக்ரம் முதல் சலவையிலேயே கொப்புளம் போட்டுவிடும் என்பதால், அதையும் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகு வைக்கச் சொல்லுங்கள். சில கடைகளில் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

பேண்டைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லி நகர்கிறேன். தொப்பை உள்ளவர்கள் அதற்குக் கீழே பேண்டைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் மேலே இழுத்துவிட்டபடி இருக்கிறார்கள். தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி, கவட்டை உயரத்தைக் கூட்டி, முன்பக்கம் ஒரு ப்ளீட் வைத்துத் தைத்தால் வயிறும் அடங்கித் தெரியும், உட்காரவும் சுகம். பின்பக்க நடுத்தையலில் ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே விடச் சொல்லுங்கள். உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். நீளம் பார்க்கும்போது, அந்தப் பேண்டோடு போடப்போகும் செருப்பையோ ஷூவையோ காலில் போட்டிருங்கள்.

கோட்டுக்கு வருவோம். நம் ஊரில் பெரும்பாலான ஆண்கள் வாழ்நாளில் தைக்கும் ஒரே கோட், கல்யாண வரவேற்புக் கோட். வைகாசி மாதம், மேடை முழுக்க வீடியோ விளக்கு, நாலு மணி நேரம் நின்று கைகுலுக்க வேண்டும். அதற்கு நாம் தைப்பது தடித்த பாலியஸ்டர் துணி, தோளில் பஞ்சுத் திணிப்பு, உள்ளே முழுக்க வழவழ லைனிங். மாப்பிள்ளை வியர்த்துக் கொட்டாமல் என்ன செய்வார்? இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரமும் வெயிலூர்தான். அங்குள்ள தையற்காரர்கள் 1930களில் தோள் திணிப்பையும் உள்ளடுக்குகளையும் குறைத்து, சட்டைபோல உடம்போடு அசைகிற கோட்டை வெட்டிக் காட்டினார்கள். நமக்குப் பொருந்துவது அந்த வழி. முதுகில் பாதி லைனிங் மட்டும், தோளில் திணிப்பு வேண்டாம், துணி மெல்லிய கம்பளி. கம்பளியா என்று திகைக்க வேண்டாம், மெல்லிய கம்பளி பாலியஸ்டரைவிடக் காற்றை நன்றாக விடும்.

கோட்டின் மார்புப் பகுதிக்கு உள்ளே என்ன வைக்கிறார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் பசைத்துணி ஒரு வகை, அதை ஃபியூசிங் என்பார்கள். குதிரை முடி கலந்து நெய்த கேன்வாஸைக் கையால் தைத்து வைப்பது இன்னொரு வகை. கேன்வாஸ் வைத்த கோட் போடப்போட உடம்புக்கு ஏற்ப அமையும். பசை ஒட்டியது மட்டமாக இருந்தால், சில டிரைகிளீனிங்குக்குப் பிறகு மார்பில் குமிழ் விடும். கீழ்ப்பட்டன் பக்கத்தில் முன்துணியையும் உள்துணியையும் விரல்களால் பிரித்துப் பாருங்கள். நடுவே மூன்றாவதாக ஒரு அடுக்கு தனியே நழுவினால் அது கேன்வாஸ். லண்டன் சாவில் ரோ தெருவின் தையலகங்கள் சேர்ந்த சங்கம், ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை வேண்டும் என்று வைத்திருக்கிறது. 1806இல் தொடங்கிய ஹென்றி பூல் போன்ற அங்குள்ள கடைகளில் ஒரு கோட்டுக்குப் பல முறை வெள்ளை நூலில் தற்காலிகத் தையல் போட்டு ட்ரையல் பார்ப்பார்கள். நாம் அந்த விலை கொடுக்கப்போவதில்லை. ஆனால் ஒரு ட்ரையலாவது பார்க்காமல் கோட்டை வாங்கி வருவது வீண்செலவு. நிறமும் யோசிக்க வேண்டிய விஷயம். மினுமினுக்கும் மெரூன் கோட், ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதைதான். கருநீலத்திலோ அடர் சாம்பலிலோ தைத்தால் கோட்டை வேறு விசேஷங்களுக்கும் போடலாம், பேண்டை அலுவலகத்துக்கும் போடலாம்.

பெல்ட்டும் ஷூவும் வாங்க நாம் வெளிநாட்டுப் பெயரைத் தேட வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்திலிருந்து பதனிட்ட தோலும் ஷூவும் உலகம் முழுவதும் போகின்றன. பெல்ட்டின் ஓரத்தைப் பாருங்கள். நடுவே அட்டை வைத்து இரு பக்கமும் மெல்லிய தோலை ஒட்டியிருந்தால் ஒரு வருடத்தில் வெடித்துவிடும். ஒரே தடித்த தோலில் அறுத்தது பல ஆண்டு உழைக்கும். ‘அசல் தோல்’ என்ற முத்திரை அதில் தோல் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், எந்தத் தரத் தோல் என்று சொல்லாது. ஷூவுக்கு அளவு கொடுப்பதானால் மாலையில் போங்கள், பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும்.

கடைசியாக, எப்போது போவது? தீபாவளிக்கு முந்தைய வாரம் எந்தக் கடையிலும் இரவெல்லாம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது காலர் பக்ரத்தை நனைத்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, தையற்கடையில் கூட்டமும் குறைவு. துணிக்கடையில் தள்ளுபடியும் உண்டு. மாஸ்டருக்கு உங்களோடு நின்று பேச நேரம் இருக்கும். முதலில் ஒரே ஒரு சட்டை தைக்கக் கொடுங்கள். துவைத்துப் போட்டுப் பார்த்து, திருத்தம் சொல்லி, அந்த அளவை அவர் நோட்டில் உங்கள் பெயரோடு எழுதிக்கொண்ட பிறகு மற்றத் துணிகளைக் கொடுங்கள். ஆயத்த ஆடை பெருகியபின் பல தையற்கடைகள் ஆல்ட்ரேஷன் கடைகளாகச் சுருங்கிவிட்டன. உங்கள் தெருவில் வேலை தெரிந்த ஒருவர் இன்னும் இருந்தால், துணிக்குத்தான் தள்ளுபடி கேளுங்கள், அவர் கூலியில் கேட்காதீர்கள்.