மெல்லும் பல்லும் முதியோர் நினைவாற்றலும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வரவு செலவும் கட்டட வேலையும் பேசி முடித்த இந்த அவையில், பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வியக்கலாம். காரணம் உண்டு. நமது பாரிவாக்கத்தில் எழுபதைக் கடந்த பெரியோர் பலர் நம்மோடு வாழ்கின்றனர். திருமண விருந்தில் அவர்கள் எவ்வாறு உண்கிறார்கள் என்பதை நாம் கவனித்திருக்கிறோமா? பிரியாணியில் இறைச்சியை ஒதுக்கிவிட்டு, ஒரு பிடிச் சோற்றைத் தயிர்ப் பச்சடியில் குழைத்து விழுங்கிவிட்டு எழுந்துவிடுகின்றனர். சில காலத்தில் விருந்துக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர். "அத்தாவுக்கு வயதாகிவிட்டது, பசி இல்லை" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பல வீடுகளில் குறைந்துபோனது பசியன்று, மெல்லும் திறனே.

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்றனர் நம் முன்னோர். இறைவன் அருளிய 32 பற்களில் முன்பற்கள் 8 கடிப்பதற்கு. கோரைப்பற்கள் 4 கிழிப்பதற்கு. மற்ற 20 பற்களும் அரைப்பதற்கு. ஒவ்வொரு பல்லின் வேரையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. அதிலுள்ள நரம்பு முனைகள், கடிபடும் பொருள் கடினமா மிருதுவா என்பதை நொடிதோறும் மூளைக்கு அறிவிக்கின்றன. மெல்லும்போது மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கூடுவதை ஆய்வாளர்கள் அளந்து கண்டுள்ளனர். கடைவாய்ப் பற்கள் நீக்கப்பட்ட எலிகளிடமும், மாவாகவே உணவு தரப்பட்ட எலிகளிடமும் நினைவாற்றல் குன்றியதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

மனிதர்களிடம் நிலை என்ன? அமெரிக்காவின் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில், 34,074 பேரைப் பற்றிய 14 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். பற்களை அதிகம் இழந்தோருக்கு அறிவாற்றல் குறைபாடு நேரும் வாய்ப்பு 1.48 மடங்காகவும், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் நேரும் வாய்ப்பு 1.28 மடங்காகவும் இருந்தது. பல்லிழந்தோரில் பல்செட் அணியாதவர்களிடம் 23.8 விழுக்காட்டினருக்கு அறிவாற்றல் குறைபாடு காணப்பட்டது. அணிந்தவர்களிடம் அது 16.9 விழுக்காடே.

இங்கே நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். பல் விழுந்ததால்தான் மறதி வந்தது என்று இதனால் முடிவு கட்டிவிட இயலாது. மறதி தொடங்கியவர் பல் துலக்கவும் மறப்பார். அதனாலும் பல் கெடும். மறதி நோய்க்கான தடுக்கத்தக்க காரணங்கள் 14 என்று லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. அதில் நீரிழிவும் புகைப்பழக்கமும் உண்டு, பல்லிழப்பு இல்லை. ஆயினும் அந்த நீரிழிவும் புகையும்தாம் ஈறுகளுக்கும் பகைவர்கள். மேலும், மெல்ல இயலாதவர் காய்கறி, கொட்டைகள், இறைச்சி ஆகியவற்றை விடுத்துக் கஞ்சிக்கும் ரொட்டிக்கும் மாறுகிறார், உடல் மெலிகிறது, நாலு பேரோடு அமர்ந்து உண்ணக் கூச்சப்படுகிறார், தனிமை சூழ்கிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டுள்ளது. எனவே இதனை அற்பமாக எண்ணலாகாது.

பல்லிழப்பு முதுமையின் விதியும் அன்று. ஜப்பான் நாட்டில் 1989இல் "80 வயதில் 20 பற்கள்" என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. அந்நாளில் அவ்வாறு இருந்தோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 51.2 விழுக்காடாக உயர்ந்தது. அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

நாளொன்றுக்கு ஐவேளை ஒளூவில் வாய் கொப்பளிக்கும் நாம், மிஸ்வாக்கின் சிறப்பையும் அறிந்தவர்கள். உலக சுகாதார நிறுவனமும் 1986இல் மிஸ்வாக்கைப் பயன்படுத்த ஊக்கமளித்தது. ஆனால் பல்லில் படியும் காரை கொப்பளிப்பதால் மட்டும் போகாது. இரவு உறங்குமுன் துலக்குதல் அவசியம். பாக்கும் புகையிலையும் அறவே வேண்டா. பாக்கு மெல்லும் பழக்கம் கன்னத்தின் உட்புறத்தை நாராக இறுக்கி, வாயைத் திறக்கவே முடியாமல் செய்துவிடும், புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். இதனை இளைஞர்கள் குறிப்பாக மனத்திற் கொள்ள வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர், தம் பல்செட்டை மூன்றாண்டுகளாக பீரோவில் பூட்டி வைத்திருந்தார். அணிந்தால் ஈறு வலித்தது. பிள்ளைகளுக்கு மேலும் செலவு வைக்கக் கூடாதென்று சொல்லாமல் இருந்துவிட்டார். பிள்ளைகளும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று மட்டும் கண்டோம். பல் போனபின் தாடை எலும்பு தேயும். செட் தளர்ந்து உறுத்தும். அதன் உட்புறத்தைச் சீர்செய்து மீண்டும் பொருத்த இயலும். இதனை அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லாமற் போனோம்.

"இந்த வயதில் பல் எதற்கு?" என்னும் சொல் இனி நம் வீடுகளில் எழ வேண்டா. பல்செட் அழகுப் பொருளன்று. மூக்குக்கண்ணாடி போன்றதொரு தேவை. அது இயற்கைப் பல்லின் வலிமையில் நான்கில் ஒரு பங்கையே தரும் என்பதால், இருக்கும் பல்லைக் காப்பதே முதற்கடமை. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் 1988இல் தொடங்கப்பட்ட சவீதா பல் மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே உள்ளது. சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மறதி தென்பட்டால் பல் மருத்துவரோடு நில்லாது, பொது மருத்துவரிடமும் காட்டுக.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் தாய் தந்தையரின் அருகில் அமருங்கள். "எதை மெல்ல முடிகிறது? எதை விட்டுவிட்டீர்கள்?" என்று கேளுங்கள். அழைத்துச் செல்ல ஆளில்லாத பெரியோர் எவரேனும் இருப்பின், ஜமாஅத் அலுவலகத்தில் தெரிவியுங்கள். நம் இளைஞர்கள் உடன் செல்வார்கள். அடுத்த விருந்தில் நம் பெரியோர் அனைவரும் நம்மோடு ஒரே சஹனில் அமர்ந்து மென்று உண்ண அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.