பின்கட்டு டம்ளர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பிள்ளைகளை அன்புள்ளவர்களாக வளர்ப்பதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாடத்தில் நான் முதல் தடவையே தேறியவன் அல்ல; அரியர் வைத்து எழுதியவன். அந்த அரியர் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1986-ல், இதே மேடையில், டீக்கடைகளின் இரட்டைக் குவளை முறையைக் கண்டித்துப் பேசி முதல் பரிசு வாங்கினேன். "அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது, ஊர்தான் இன்னும் ஒழிக்கவில்லை" என்று நான் முழங்கியதும் விசில் பறந்தது. அன்று விசிலடித்தவர்களில் சிலர் இப்போது பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

2003-ல் என் மகன் மூன்றாம் வகுப்பு படித்தான். திருக்குறளில் 'இனியவை கூறல்' அதிகாரத்தின் 10 குறளையும் மூச்சு விடாமல் ஒப்பித்துப் பள்ளியில் பரிசு வாங்கினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே வாரம், எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா தன் மகளையும் கூட்டி வந்திருந்தார். அந்தச் சிறுமி தண்ணீர் கேட்டாள். என் மகன் ஓடிப்போய், அலமாரியில் இருந்த டம்ளர்களை எல்லாம் விட்டுவிட்டு, பின்கட்டு ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்த நசுங்கிய டம்ளரைத் தேடி எடுத்துத் தண்ணீர் கொடுத்தான்.

"ஏண்டா அதுல குடுத்தே?" என்றேன்.

"அது அவங்க டம்ளர்தானேப்பா?" என்றான்.

அவன் முகத்தில் துளி கெட்ட எண்ணம் இல்லை. உதவி செய்த சந்தோஷம்தான் இருந்தது. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தினமும் பார்த்தான், கற்றுக்கொண்டான். குறளைக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம். டம்ளரைக் கற்றுக்கொடுத்தது நான்.

மறுநாளே அதைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டேன். அத்தோடு முடிந்ததா? என் தாயார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேலைக்கு வரும் அம்மாவோ, "வேணாம் சார், எனக்கு அதுவே பழகிப்போச்சு" என்றார். அந்த வார்த்தைதான் என்னை அதிகம் சுட்டது.

மகனை உட்கார வைத்து, "அப்பா செஞ்சது தப்புடா" என்று சொன்னேன். மேடையில் முழங்குவதைவிட அது கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து சாயங்காலக் காபியைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று அவன் அடம்பிடித்தான். பாட்டிக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரே மாதிரி டம்ளர். வழியெல்லாம் தளும்பி, பாதிதான் போய்ச் சேரும். பேரனிடம் பாட்டி எத்தனை நாள் முறைப்பாக இருக்க முடியும்?

இன்று அவன் எப்போதும் சாந்தமூர்த்தி என்று சொல்ல மாட்டேன். டிராஃபிக்கில் கத்துகிறான். ஆனால் வீட்டுக்கு வருகிறவர் யார் என்று பார்த்து டம்ளர் எடுப்பதில்லை.

நண்பர்களே, வீட்டுக்குப் போனதும் உங்கள் பின்கட்டு ஜன்னலை ஒருமுறை பாருங்கள். பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.