பள்ளிச் சூழலும் பிள்ளைகளின் புனைதிறனும்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், பாகூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்விப் பரிசளிப்புக்கு முன்னர்ச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் எமக்குக் கட்டளையிட்டனர். பரிசு பெறும் பிள்ளைகளை வாழ்த்துதல் எளிது. அதனை முடிவில் செய்வோம். முன்னதாக எம்முடைய பிழையொன்றை இச்சபையில் ஒப்புக்கொள்ள வேண்டியவராயிருக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் யாம் பரிசுக் குழுவில் இருந்தபோது, நம்மவர் பிள்ளை ஒருவனுடைய கணக்கு நோட்டுப் புத்தகம் எம் கைக்கு வந்தது. அதன் ஓரங்களிலெல்லாம் ஏரி மதகும், நாரையும், நாற்று நடும் பெண்டிரும் பென்சிலால் வரையப்பட்டிருந்தன. நாரையின் கழுத்து வளைவு உயிருள்ளது போலவே இருந்தது. அவனுடைய உபாத்தியாயர் அப்படங்களின் குறுக்கே சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். யாமோ, "மதிப்பெண் குறைவு" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினோம். அதன்பின் அவன் வரைவதையே விட்டொழித்தான் என்று பின்னாளில் அவன் தாயார் கூறக் கேட்டோம். கோடிட்டவர் குற்றத்தினும் மூடியவர் குற்றம் சிறிதென்று எமக்குத் தோன்றவில்லை.

புனைதிறன் பிறவியிலேயே வாய்ப்பது, அதற்குப் பள்ளி என்ன செய்யும் என்பர் சிலர். இதற்கு விடை தேடி வெளியூர் செல்ல வேண்டுவதில்லை. 1915-ஆம் ஆண்டில் வில்லியனூரில் பிறந்து, இப்பாகூர்ப் பகுதியைச் சேர்ந்த சேலியமேட்டில் வாழ்ந்த கவிஞர் வாணிதாசனை நம்மில் அறியாதார் இலர். அவருக்கு இளமையில் ஆசிரியராய் வாய்த்தவர் பாரதிதாசன். பாரதிதாசனோ 1909-இல் தமிழாசிரியராகி, 1946-இல் ஓய்வு பெறும் வரை பிரெஞ்சு அரசாங்கப் பள்ளிகளில் ஊழியம் புரிந்தவர். பாட்டுக் கட்டுகின்ற ஒருவரே வகுப்பில் நின்று பாடம் சொன்னார். பாட்டென்பது முன்னோர் எழுதி முடித்துவிட்ட பொருளன்று, இன்றும் ஒருவர் செய்யத்தக்க தொழிலே என்பதனை மாணாக்கர் கண்ணெதிரே கண்டனர். அவ்வகுப்பிலிருந்தோர் யாவரும் கவிஞராகவில்லை என்பது மெய்யே. ஆயினும் ஒருவர் ஆனார்; வயலையும் முகிலையும் பாடித் தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த் எனப் பெயர் பெற்றார்; தாமும் பல்லாண்டு பள்ளி ஆசிரியராய் இருந்தார்.

ஆசிரியர் மட்டும் அமைந்தாற் போதுமோவெனின், போதாது, பொருளும் வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன், தன் எட்டாம் ஆட்சியாண்டில், வாகூர் என வழங்கிய இவ்வூரின் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை வித்தியாபோகமாக அளித்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. கற்பதற்கோர் இடம் வேண்டும், அதனைப் பேணுவதற்கு வருவாய் வேண்டும் என்பதனை அன்றே அறிந்திருந்தனர். அக்கல்வி அந்நாளில் எல்லாக் குடியினர்க்கும் திறந்திருக்கவில்லை. அதனை மறைத்து ஊர்ப் பெருமை பேசுதல் நேர்மையாகாது.

இடத்தின் அமைப்பும் சிறிய காரியமன்று. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற மேசையும் நாற்காலியும் செய்வித்தார். பிள்ளை தனக்கு வேண்டிய கருவியைத் தானே எடுத்து வேலை செய்யும்படி விட்டார். 1939-இல் அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்க்கும் அம்முறையைப் பயிற்றினார்.

நம் பிள்ளைகளின் பொழுது எவ்வாறு கழிகின்றது? காலையில் வேனில் ஏறி நகரத்துப் பள்ளிக்குப் போய், மாலையில் டியூஷனுக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புவோர் நம் இல்லங்களிற் பலர். பாகூர் ஏரிக்கரையில் வாழ்ந்தும் ஏரியைப் பாராதவர்! வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. நம் பிள்ளை களிமண்ணைத் தொட்டாலோ சட்டை அழுக்காயிற்றென்று முதுகில் அடி விழுகின்றது. பள்ளியை மட்டும் பழித்துப் பயனில்லை. நாம் மதிப்பெண்ணையே கேட்கின்றோம். பள்ளியும் மதிப்பெண்ணையே தருகின்றது.

ஆகையால் எம் விண்ணப்பம் இது. அடுத்த ஆண்டு முதல் பரிசுத் தொகையிற் பாதியை, மதிப்பெண் பாராமல், பிள்ளைகள் தம் கையாற் செய்த பொருளுக்கும், தாமே வரைந்த படத்துக்கும், எழுதிய பாட்டுக்கும் கதைக்கும் ஒதுக்குக. பெற்றோர் திருத்திக் கொடுத்ததை ஏற்கலாகாது. தகப்பனாருக்குப் பரிசளிக்க நம்மிடம் நிதியில்லை.

மற்றொன்று: சங்கக் கட்டிடத்தின் பின்னறை உடைந்த நாற்காலிகளால் அடைபட்டுக் கிடக்கின்றது. அதனை ஒழித்துக் களிமண்ணும், வண்ணமும், தாளும், நூல்களும் வைத்து, ஞாயிறுதோறும் திறந்து விடுவோமாக. அது நம்மவர் பிள்ளைகளுக்கு மட்டுமோ, ஊர்ப் பிள்ளைகள் யாவர்க்குமோ என்று செயற்குழுவில் வாதம் எழுந்ததாக அறிகின்றோம். யாவர்க்கும் என்பதே எம் கருத்து. செப்பேட்டுக் காலத்துக் குறையை நாமும் செய்யவேண்டுமோ?

பின்னறைச் சாவி தம்மிடம் உள்ளதெனப் பொருளாளர் சைகை காட்டுகின்றார், மகிழ்ச்சி. இனிப் பரிசு பெறும் பிள்ளைகளை மேடைக்கு அழைக்கலாம். அவர்கள் அனைவரையும் மனமார வாழ்த்துகின்றோம்.