தனியாக வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை



என் ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருந்தார்கள். ஐந்து வருடமாக அதையே பேசி எனக்கே சலித்துவிட்டது. இன்று நான் பப்புக்குப் போன கதையைச் சொல்கிறேன். தாராளமாகச் சிரிக்கலாம்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு, நானும் என் அறைத் தோழனும் சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் பப்புக்குப் போனோம். குடிப்பதற்கென்றால் டாஸ்மாக் போதும். எனக்கு வயது முப்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை, காதலும் இல்லை. யாரையாவது சந்திக்கலாம் என்றுதான் போனேன். சாதி ஒழிப்பு பேசும் மேடையில் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. "பப் எல்லாம் முதலாளித்துவக் குப்பை தோழர்" என்று முன்வரிசையில் ஒருவர் நினைப்பது எனக்குக் கேட்கிறது. இருக்கட்டும்.

வாசலில் நின்ற பவுன்சர், "ஸ்டேக் எண்ட்ரி கிடையாது தம்பி, கப்பிளா வாங்க" என்றார். பெண் துணையில்லாமல் வரும் ஆணுக்கு அந்த ஊரில் ஸ்டேக் என்று பெயர். துணை தேடிப் போகிறவன் துணையோடு வர வேண்டும்! பிறகு என் காலைப் பார்த்தார். "செருப்பு வேற போட்டிருக்கீங்க."

பெண்களின் பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்கிறார்கள். கூட்டமாக வந்து தொல்லை கொடுக்கிற ஆண்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொல்லை கொடுப்பவனை வெளியேற்றுவது வேறு, செருப்பைப் பார்த்து ஆளை எடைபோடுவது வேறு. அதே இரவில் பெண்களுக்கு மட்டும் நுழைவு இலவசம் என்று பலகை வைத்திருந்தார்கள். அதை அக்கறை என்று நம்பச் சொல்கிறார்கள்.

செருப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. அந்த வருடம் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் என்ன சொன்னார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நம் பையன்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்களாம், அதற்கு நாடகக் காதல் என்று பெயராம். ஊரில் ஜீன்ஸ் போட்டால் குற்றம். சென்னைக்கு வந்தால் ஷூ போடாதது குற்றம். என்னதான் உடுத்துவது என்று யாராவது சொன்னால் பரவாயில்லை.

அரசமைப்புச் சட்டம் 15(2) கடைகள், உணவகங்கள், ஹோட்டல்களோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் குறிப்பிட்டே சொல்கிறது: அங்கே நுழைவதற்குச் சாதி தடையாக இருக்கக் கூடாது. அந்தப் பவுன்சர் சாதி கேட்கவே இல்லை. கட்டணம், காலணி, இங்கிலீஷ், யாருடன் வருகிறாய் என்பதெல்லாம் சேர்ந்து அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேச்சுக்கொடுத்தால் எங்கள் மாவட்டத்துக்காரர். டியூட்டி முடிந்தால் அவரையும் அந்த வாசலில் உள்ளே விட மாட்டார்கள்.

அடுத்த வாரம் தோழி ஒருவரை அழைத்துக்கொண்டு, கடன் வாங்கிய ஷூவோடு உள்ளே போய்விட்டேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. இருட்டு, சத்தம், யார் யாரென்று தெரியாத கூட்டம். யாரும் யாருக்கும் அறிமுகம் தேவைப்படாமல் ஆடுகிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது? பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்தார். கத்திக் கத்திப் பேசினோம். சினிமா, வேலை, வீட்டு வாடகை. பிறகு கேட்டார்: "நீங்க எந்த ஊரு?" சொன்னேன். "அட, எங்க மாமா வீடும் அங்கதான். நீங்க எந்தத் தெரு?"

இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. சொன்னேன். "தண்ணி வாங்கிட்டு வரேன்" என்று போனார், வரவில்லை.

இல்லை என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருக்கிறது, காரணம் சொல்லவும் தேவையில்லை. என் ஆட்டம் பிடிக்காமல் போயிருக்கலாம். அது பார்க்கச் சகிக்காது என்று தோழியும் சொன்னார். மாமா வீட்டுக்குத் தெரிந்தால் தனக்கு என்ன ஆகும் என்று பயந்திருக்கலாம். எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மற்றவர்கள் காதலில் தோற்றால் தாடி வளர்த்துக்கொண்டு, "என்னைப் பிடிக்கவில்லை" என்று இரண்டு மாதத்தில் தேறிவிடுகிறார்கள். என்னையா, என் தெருவையா என்று கேட்டுக்கொண்டு நாம் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். சாதாரணமாக நிராகரிக்கப்படுவதுகூட நமக்கு வாய்ப்பதில்லை.

கோகுல்ராஜ் ஆடக்கூடப் போகவில்லை. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் கூடப் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அங்கிருந்து கடத்திக் கொன்று தண்டவாளத்தில் போட்டார்கள். கொலையாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2022 மார்ச் ஆனது. பேசியதற்கே அது.

ஆராய்ச்சி மாணவன், ஒரு வரலாறாவது சொல்லாமல் இறங்கினால் மரியாதை இல்லை. நியூயார்க்கின் ஹார்லெமில் காட்டன் கிளப் என்று ஒரு இரவு விடுதி இருந்தது. மேடையில் ட்யூக் எலிங்டன் போன்ற கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர்கள் மட்டும். அதே ஹார்லெமில் 1926-இல் சவாய் பால்ரூம் திறந்தது. அதன் வாசலில் நிறம் பார்க்கவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் கைகோத்து ஆடினார்கள். 1943-இல் அதிகாரிகள் அதைச் சில மாதங்கள் இழுத்து மூடினார்கள். படைவீரர்களுக்கு அங்கே நோய் தொற்றுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். கைகோத்து ஆடியதுதான் காரணம் என்றார்கள் ஹார்லெம் மக்கள்.

1936-லேயே அம்பேத்கர், சாதிக்கு உண்மையான மருந்து கலப்பு மணம்தான் என்று எழுதினார். 2011-12-இல் எடுத்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில் அப்படிப்பட்ட மணங்கள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருந்தன. சாதி மறுப்புத் திருமணத்துக்கு நாம் மேடை போடுகிறோம், மாலை வாங்குகிறோம், பாதுகாப்புக்கு ஓடுகிறோம். அதற்கு முன்னால் இரண்டு பேர் சந்திக்க வேண்டுமே, பயமில்லாமல் வழிய வேண்டுமே, அதற்கு நாம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்? எல்லாவற்றையும் கல்லூரி கேன்டீன் தலையில் கட்டிவிட்டோம்.

அதனால் ஒரு அறிவிப்பு. வரும் ஏப்ரல் 14 இரவு, கூட்டமெல்லாம் முடிந்த பிறகு, எங்கள் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் ஆட்டம் வைத்திருக்கிறோம். கட்டணம் கிடையாது. யாரை வெளியே அனுப்ப வேண்டும் என்பதைத் தோழியர் குழு முடிவுசெய்யும், அந்தப் பட்டியலில் என் பெயரும் வரலாம். எந்த ஊர் என்று கேட்கலாம், எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது. செருப்போடு வரலாம். தனியாக வருகிறவர்கள் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடுங்கள், ஸ்பீக்கரை மூன்று மாடி தூக்க ஆள் வேண்டும்.