யார் சொன்னால் சான்று?

(ஆய்வு மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அறிவியல் உலகில் யாரை நம்புவது, எதை வைத்து நம்புவது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இதைப் பொதுப்படையாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவோம். அதனால் ஒரே ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தென்கொரியா, 2004 முதல் 2006 வரை. உங்களில் பலர் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பீர்கள்.

ஹ்வாங் வூ-சுக் கால்நடை மருத்துவர், சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 2004 பிப்ரவரியில் ‘சயின்ஸ்’ இதழில் அவருடைய குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. ஒரு பெண்ணின் கருமுட்டையிலிருந்து உட்கருவை நீக்கிவிட்டு, உடலின் வேறொரு செல்லில் இருந்து எடுத்த உட்கருவை அதில் வைத்து, அந்தக் கருவை வளர்த்து அதிலிருந்து தண்டுசெல் எடுத்துவிட்டோம் என்றார்கள். 16 பெண்கள் கொடுத்த 242 முட்டைகளில் ஒரு செல்வரிசை கிடைத்தது என்பது கணக்கு. 2005 மே மாதம் அடுத்த கட்டுரை. இம்முறை நோயாளிகளின் தோல் செல்லிலிருந்தே 11 செல்வரிசைகள், அதுவும் 185 முட்டைகளில். முதுகுத்தண்டு முறிந்தவருக்கு அவருடைய உடலே மருந்து தரும் என்ற நம்பிக்கை உலகம் முழுவதும் பரவியது.

கொரிய அரசு அவருக்கு ‘உச்ச விஞ்ஞானி’ என்று பட்டம் கொடுத்தது. சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து நிற்பதுபோல அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, கைம்பெண் தாய் வளர்த்த மகன். எஃகுக் குச்சியால் உணவு உண்டு பழகிய கொரியக் கைகளுக்குத்தான் இந்த நுணுக்கம் வரும் என்று அவரே பேட்டிகளில் சொன்னார். நாடு மயங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாம் வழுக்கும் இடம் இது. அவர் மேட்டுக்குடி அல்ல. கீழிருந்து வந்தவர் சொல்வது மெய்யாகத்தான் இருக்கும் என்று நமக்குள் ஒரு சாய்வு இருக்கிறதே, அது இந்த வழக்கில் எதற்கும் உதவாது. ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பது எனக்கு முக்கியம். ஆனால் அதை வைத்து அவருடைய சோதனைக் குழாயில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் கட்டுரை வந்து மூன்று மாதத்தில், 2004 மே மாதம், ‘நேச்சர்’ இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. ஹ்வாங்கின் ஆய்வகத்தில் முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, தானும் இன்னொருவரும் ஆய்வுக்காகத் தங்கள் கருமுட்டைகளைக் கொடுத்ததாகச் செய்தியாளரிடம் சொல்லியிருந்தார். பிறகு அவரே மறுத்தார். தன் ஆங்கிலம் சரியில்லாததால் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றார். ஹ்வாங்கும் மறுத்தார். அத்தோடு பெரும்பாலானோர் அதை விட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரே ஆள் இரண்டு விதமாகச் சொல்கிறார், இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. எதற்கு எடை அதிகம்? முதலில் சொன்னபோது அவருக்கு எந்த நெருக்கடியும் இல்லை, அதனால் கிடைக்கும் லாபமும் இல்லை. மறுத்தபோதோ அவருடைய பட்டம், வேலை, எதிர்காலம் எல்லாம் ஒரே மனிதரின் கையில் இருந்தன. நெறியாளர் கையெழுத்துப் போடாவிட்டால் உதவித்தொகை வராது என்பது இந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, உலகம் இரண்டாவது சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது. அதுதான் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

முட்டை கொடுப்பதில் என்ன தவறு, விருப்பப்பட்டுத்தானே கொடுத்தார் என்று கேட்கலாம். கருமுட்டை எடுப்பது ரத்தம் கொடுப்பது மாதிரி அல்ல. பல நாள் ஹார்மோன் ஊசி போட்டு, சூலகத்தைத் தூண்டி, ஊசி செலுத்தி எடுக்க வேண்டும். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருத்துவ ஆய்வு அறத்துக்கான ஹெல்சிங்கி அறிக்கை 1964-இல் வந்தது. ஆய்வு செய்பவரைச் சார்ந்து வாழும் நிலையில் உள்ளவரிடம் ஒப்புதல் வாங்கும்போது தனிக் கவனம் வேண்டும் என்று அது சொல்கிறது. ‘முடியாது’ என்று சொல்ல வழியில்லாத இடத்தில் ‘சரி’ என்ற சொல்லுக்கு மதிப்பு ஏது? பிற்பாடு பல்கலைக்கழக விசாரணைக் குழு கண்டறிந்தது இது: 2003 மார்ச்சில் ஹ்வாங் தன் ஆய்வகப் பெண்களிடம் முட்டைதான ஒப்புதல் படிவத்தைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார். முட்டை கொடுக்கப்போன ஆய்வாளரோடு தானே மருத்துவமனைக்கும் போயிருக்கிறார். தனக்குத் தெரியாது என்று சொன்னவர் இவர்தான்.

அன்றைக்குப் பலர் சொன்ன சமாதானம் இது: இது அறம் சார்ந்த சின்னப் பிசகு, அறிவியலோ மகத்தானது, இரண்டையும் குழப்பாதீர்கள். இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. அதில் பாதி சரி. ரொனால்ட் ஃபிஷர் இனமேம்பாட்டுவாதி, ஆனாலும் அவர் தந்த புள்ளியியல் முறைகளை நாம் அன்றாடம் பயன்படுத்துகிறோம், அவை வேலை செய்கின்றன. மோசமான ஆள் சொன்ன கணக்கு அதனாலேயே தப்பாகிவிடாது. ஹ்வாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் அவர் குழு உருவாக்கிய ஸ்னப்பி என்ற குளோனிங் நாய்க்குட்டியை விசாரணைக் குழு சோதித்தது. அது உண்மையான குளோன்தான்.

ஆனால் இங்கே பொய் அவருடைய அரசியலைப் பற்றியோ சொந்த வாழ்க்கையைப் பற்றியோ அல்ல. சோதனைக்கான மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியது. முட்டை யாருடையது, எத்தனை, எப்படி வாங்கியது என்பதெல்லாம் ஆய்வுமுறையின் பகுதி. அதில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றால் அவருடைய தரவேட்டைத் திறந்து பார்க்க அதுவே போதுமான காரணம். யாரும் திறக்கவில்லை.

திறக்க முயன்றவர் ரியூ யங்-ஜூன். மருத்துவரான இவர் ஹ்வாங்கின் ஆய்வகத்திலேயே முன்பு வேலை செய்தவர். பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்தச் செல்களைச் செலுத்திப் பார்க்கும் திட்டம் இருப்பதை அறிந்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. 2005 ஜூனில் எம்பிசி தொலைக்காட்சியின் ‘பிடி நோட்புக்’ என்ற புலனாய்வு நிகழ்ச்சிக்கு எழுதினார். அவர் கையில் ஆவணம் ஏதுமில்லை. உள்ளேயிருந்து பார்த்த அனுபவமும், இது நடந்திருக்க வாய்ப்பில்லை என்ற அறிவும்தான் இருந்தன.

நவம்பரில் நிலைமை மாறியது. ஹ்வாங்கின் அமெரிக்கக் கூட்டாளி, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ஷாட்டன், முட்டை விவகாரத்தைக் காரணம் காட்டி விலகினார். நவம்பர் 22 அன்று ‘பிடி நோட்புக்’ முட்டைகள் பற்றிய பகுதியை ஒளிபரப்பியது. இரண்டு நாள் கழித்து, ஆய்வகப் பெண்கள் முட்டை கொடுத்தது உண்மைதான் என்று ஹ்வாங் ஒப்புக்கொண்டார்.

பிறகு நாடு என்ன செய்தது? நிகழ்ச்சியின் மீது பாய்ந்தது. விளம்பரதாரர்கள் விலகினார்கள். தொலைக்காட்சி நிலையத்தின் முன் மக்கள் மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் முட்டையைத் தருகிறோம் என்று முன்வந்தார்கள். நாட்டின் பெருமையைக் கெடுக்க வந்த துரோகிகள் என்று செய்தியாளர்களைத் திட்டினார்கள். தேசப்பற்று ஆய்வகத்துக்குள் நுழைந்தால் கேள்வி கேட்பது துரோகமாகிவிடுகிறது. இதைக் கேட்டு உங்களுக்கு வேறு நாடுகள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

‘பிடி நோட்புக்’ குழுவையும் நான் வெள்ளையடிக்கப் போவதில்லை. பிட்ஸ்பர்கில் இருந்த ஓர் இளம் ஆய்வாளரிடம் மறைகேமராவோடு போய், மிரட்டுவதுபோல் பேசி வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். டிசம்பர் தொடக்கத்தில் அது அம்பலமானது. எம்பிசி மன்னிப்புக் கேட்டது, நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அவர்கள் தேடிய உண்மை உண்மைதான். ஆனால் போன வழியால் அதை யாரும் காதில் வாங்கவில்லை. பலமில்லாத ஒரு இளம் ஆளை நெருக்கித்தான் இவர்களும் வாக்குமூலம் வாங்கினார்கள் என்பதைப் பார்க்கும்போது, அறம் அலங்காரப் பொருள் அல்ல என்று எனக்கு இன்னும் உறைக்கிறது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றிய அதே நேரத்தில், டிசம்பர் 5 அன்று, ‘பிரிக்’ என்ற இணையதளத்தில் பெயர் சொல்லாத ஒருவர் ஒரு குறிப்பு எழுதினார். கொரிய உயிரியல் ஆய்வாளர்கள் புழங்கும் தளம் அது. 2005 கட்டுரையின் இணைப்பில் உள்ள படங்களைப் பாருங்கள், வெவ்வேறு செல்வரிசைகள் என்று போட்டிருப்பதில் சில ஒரே படங்கள் என்றார். உடனே மற்றவர்களும் தேடத் தொடங்கினார்கள். அடுத்த நாட்களில் மரபணுச் சோதனை வரைபடங்களிலும் சந்தேகம் எழுந்தது. நோயாளியின் தோல் செல், அதிலிருந்து வந்ததாகச் சொன்ன தண்டுசெல் ஆகிய இரண்டின் கோடுகளும் நம்ப முடியாத அளவுக்கு ஒட்டிப்போயின.

எழுதியவர் யார், எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை கட்டுரை வெளியிட்டவர் என்று யாரும் கேட்கத் தேவைப்படவில்லை. படங்கள் ‘சயின்ஸ்’ தளத்திலேயே இருந்தன. கண் இருக்கிற யாரும் சரிபார்க்கலாம். உச்ச விஞ்ஞானியை வீழ்த்தியது முகமற்ற இளம் ஆய்வாளர்களின் கூட்டம். அது முடிந்ததற்குக் காரணம் அவர்கள் சொன்னது திறந்த சான்று என்பதுதான்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் ஒன்றா இரண்டா என்பதை எல்லோரும் பார்க்க முடிந்ததால் சொன்னவரின் தகுதி தேவைப்படவில்லை. ஆய்வக மாணவி தன் உடலுக்கு நடந்ததைச் சொன்னபோது அதைச் சரிபார்க்கும் ஆவணம் மருத்துவமனை அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அங்கே அவருடைய சொல் மட்டும்தான் சான்று. சொல் மட்டுமே சான்றாக இருக்கும் இடத்தில்தான் பேராசிரியர் பட்டம், ஆண் என்பது, நம் நாட்டில் என்றால் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதி எல்லாம் தராசில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. ஆய்வகத்தில் பாகுபாடு நடக்கிறது என்று ஒரு தலித் மாணவர் சொன்னால், ‘ஆதாரம் எங்கே’ என்று முதலில் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த ஆதாரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள்தான். வருகைப் பதிவு, மதிப்பெண் பட்டியல், கூட்டக் குறிப்பு எல்லாம் அவர்கள் மேசையில் இருக்கும். அந்த அலமாரியைத் திறக்க வைப்பது நம் கோரிக்கையாக இருக்க வேண்டும். ‘நான் சொல்வதாலேயே நம்பாதே’ என்று பெரியார் சொன்னதை மேடைக்கு மேடை சொல்கிறோம். அதை நெறியாளர் அறைக்குள் எத்தனை பேர் கொண்டுபோயிருக்கிறோம்?

மீதிக் கதை சுருக்கம். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழு 2006 ஜனவரி 10 அன்று இறுதி அறிக்கை கொடுத்தது. இரண்டு கட்டுரைகளுமே புனைவு. 11 செல்வரிசைகளில் ஒன்றுகூட நோயாளியின் செல்லிலிருந்து வந்ததில்லை. முட்டைக் கணக்கும் பொய்: மூன்றாண்டுகளில் 129 பெண்களிடமிருந்து 2,061 முட்டைகள் எடுக்கப்பட்டிருந்தன. ‘சயின்ஸ்’ இரு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றது. 2009-இல் நீதிமன்றம் நிதி முறைகேட்டுக்கும் உயிரியல் அறச் சட்ட மீறலுக்கும் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் குறைக்கப்பட்ட தண்டனையை 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

கட்டுரையில் 242, 185 என்று இரண்டு எண்கள். நிஜத்தில் 2,061. அந்த 129 பெண்களில் சிலருக்குப் பணம் கொடுக்கப்பட்டது. ஒரு பெண்ணுக்கும் அதிலிருந்து எந்த மருந்தும் வரவில்லை.

ரியூ யங்-ஜூன் மருத்துவமனை வேலையை விட நேர்ந்தது. ஹ்வாங்கின் ஆதரவாளர்களுக்குப் பயந்து மனைவி, கைக்குழந்தையோடு மாதக்கணக்கில் மறைந்து வாழ்ந்தார். பின்னாளில் காங்வோன் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அந்த மாணவி 2004-இல் முதலில் சொன்னது உண்மை என்று எல்லோரும் ஏற்றுக்கொள்ள ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அதுவும் ஹ்வாங் வாய் திறந்த பிறகுதான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முதல் கேள்வி ஆராய்ச்சி மாணவிகளில் ஒருவரிடமிருந்து வரட்டும்.