சிறுவர் டெனிஸுக்குக் கரப்பந்துத் திடல் போதும்

விடுமுறைப் பகல்நேர முகாம்களில் சிறுவர் டெனிஸ் பழக முழு அளவுத் திடல் தேவையில்லை. பெரியவர்களின் திடல் 23.77 மீற்றர் நீளம்; எட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் ஓடிக் களைப்பதே மிச்சம். அதனால் சர்வதேச டெனிஸ் சம்மேளனம் வேகம் குறைந்த மூன்று பந்துகளை வகுத்தது. வழமையான மஞ்சள் பந்தைவிடச் சிவப்பு ஏறத்தாழ 75 வீதம் மெதுவானது. செம்மஞ்சள் 50 வீதம், பச்சை 25 வீதம். 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்துக்கு இடமில்லை.

சிவப்புப் பந்துக்குச் சுமார் 11 மீற்றர், செம்மஞ்சளுக்கு 18 மீற்றர் நீளம் வேண்டும். கரப்பந்துத் திடலின் நீளமும் 18 மீற்றர்தான். ஆகவே யாழ்ப்பாணக் குடாநாட்டின் கீரிமலை போன்ற ஊர்களில் புதுத் திடல் தேடத் தேவையில்லை. 80 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு வலை கட்டினால் சரி. தரை மட்டும் இறுகியிருக்க வேண்டும், மணலில் பந்து எழும்பாது.

ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் குடாநாட்டின் நேர் உச்சிக்கு வரும். கடற்காற்றை நம்பி நடுப்பகலில் ஆடவிடுவது புத்தியல்ல. காலையும் பின்னேரமும் ஆட்டத்துக்கு; இடையில் நிழலும் தண்ணீரும், புள்ளிக் கணக்குப் பாடமும்.

பதின்ம வயதினருக்கு முழுத் திடலும் நீண்ட பயிற்சியும் வேண்டும். இந்திய டெனிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் 1985இல் சென்னையில் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் வளர்ந்த லியாண்டர் பயஸ், 1990இல் விம்பிள்டன் கனிஷ்ட பட்டத்தையும் 1996இல் ஒலிம்பிக் வெண்கலத்தையும் வென்றார்.