பழைய காருக்குப் பவர் ஸ்டியரிங்



முகூர்த்த மாதங்களில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். பட்டு எடுக்க வந்த வேன்கள் இரண்டு பக்கமும் நிற்கும். நடுவில் ஆட்டோவும் பஸ்ஸும். அந்த நெரிசலில் பழைய அம்பாசிடரை ரிவர்ஸ் எடுத்துத் திருப்புவதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும். அப்பா காலத்து வண்டியை இந்த ஒரு காரணத்துக்காகவே தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கும் பெரியவர்கள் நிறைய. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. கார் ஓடினால்தான் கார்.

பவர் ஸ்டியரிங் போடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். முன்பக்க சஸ்பென்ஷனை மட்டும் தொடாதீர்கள்.

1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடருக்கு மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. முன்சக்கரங்களைத் தாங்குவது டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு மீளும் எஃகுக் கம்பி. திருப்புவது ரேக் அண்டு பினியன். ரேக்கின் நீளமும் அது உட்கார்ந்திருக்கும் உயரமும் சஸ்பென்ஷன் கைகளின் அளவுக்கு ஒத்துப்போக வேண்டும். வேறொரு காரின் ஹைட்ராலிக் ரேக்கைக் கொண்டுவந்து, பிராக்கெட் வெல்டு செய்து மாட்டினால் அந்தக் கணக்கு கெடும். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். வாலாஜாபாத் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது விளையாட்டல்ல.

முதலில், ஸ்டியரிங் ஏன் கனக்கிறது என்று பாருங்கள். கிரீஸ் நிப்பிள்கள் அடைத்துக் கிடக்கும். கிங்பின் இறுகியிருக்கும். டயரில் காற்று குறைவாக இருக்கும். பழைய மெல்லிய டயரைக் கழற்றிவிட்டு, பார்வைக்காக அகலமான ரேடியல் மாட்டியிருப்பார்கள். தரையில் பதியும் ரப்பர் கூடக்கூடக் கைக்குப் பளுவும் கூடும். இவற்றைச் சரிசெய்ததுமே பாதிப் பேர் பவர் ஸ்டியரிங் பேச்சை விட்டுவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

ஓட்டும் பழக்கமும் இருக்கிறது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேர் ராஜ வீதி முனையில் திரும்புவதைப் பாருங்கள். தேர்ச் சக்கரங்களுக்கு இடம் வலம் கிடையாது, நேராக மட்டுமே உருளும். முட்டுக்கட்டை போடுபவர்கள் ஓடும் சக்கரத்தின் அடியில் கட்டையைச் சொருகித் தேரை நெளித்துத் திருப்புகிறார்கள். நிற்கும் தேரில் அந்த வித்தை பலிக்காது. காரும் அப்படியே. நிறுத்திவைத்து முறுக்காமல், அரை அடி உருளவிட்டுத் திருப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கை தாங்கவில்லை என்றால் மின்சாரப் பவர் ஸ்டியரிங்தான் என் தேர்வு. ஆல்ட்டோ, வேகன்ஆர் போன்ற சின்ன கார்களில் மோட்டார் ஸ்டியரிங் தண்டிலேயே, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். அப்படிப்பட்ட தண்டு சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். ஓட்டுபவர் எவ்வளவு அழுத்தித் திருப்புகிறார் என்பதைத் தண்டில் உள்ள சென்சார் கண்டறியும். அதற்கேற்ப மோட்டார் கைகொடுக்கும். ரேக், டார்ஷன் பார் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். நாளை வேண்டாமென்றால் கழற்றிவிட்டுப் பழைய தண்டை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

மின்சாரத்தில் கவனம் தேவை. இந்த மோட்டார் முழுத் திருப்பத்தில் முப்பது ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். பழைய லூகாஸ் டைனமோ தருவது 22 ஆம்பியர். ஆல்டர்னேட்டர் மாற்றாமல் இதில் இறங்கினால் இரவில் ஹெட்லைட் மங்கும், பேட்டரி படுத்துவிடும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் கட்டப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் இணைப்புக் கொடுத்தால் மோட்டாரின் கன்ட்ரோல் யூனிட் போயே போய்விடும். மோட்டாரின் உதவியையும் அளவோடு வைக்கச் சொல்லுங்கள். கூடுதல் விசை முழுவதும் அந்தப் பழைய பினியன் பற்களின் வழியாகத்தான் போக வேண்டும்.

சட்டமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய கார், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருந்தால் விண்டேஜ் வாகனமாகப் பதிவாகும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அந்தப் பதிவு வேண்டுமென்றால் வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

தண்டை வெட்டி ஒட்டும் வெல்டிங்கைத் தெருமுனைப் பட்டறையில் கொடுக்காதீர்கள். ஸ்டியரிங் தண்டு ஓடும்போது முறிந்தால் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை. கடைந்து பல் வெட்டிய இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் மோட்டாரின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, காலி மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டுங்கள். மோட்டார் துணையில்லாமலும் வண்டி முன்போலத் திரும்பி, வளைவு முடிந்ததும் சக்கரம் தானாக நேருக்கு வந்தால், ஃபியூஸை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வரலாம்.